பழைய ஏசர் மடிக்கணினியில் லினக்ஸ்: எதை மாற்றணும், எதை அப்படியே விடலாம்?

செந்தூல்வாசி

வணக்கம். வீட்டில் ஒரு ஏசர் ஆஸ்பயர் இருக்கிறது. 14 இன்ச், 2014 வாக்கில் வாங்கியது. கோர் ஐ3-4005யூ, 4 ஜிபி ராம், 500 ஜிபி சுழலும் ஹார்ட் டிஸ்க், திரை 1366×768. விண்டோஸ் 10 ஓடுகிறது, இல்லை, ஊர்கிறது. ஆன் பண்ணி குரோம் திறந்து முடிய ஆறு நிமிடம். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவும் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் சில்லு இதில் இல்லை.

படிவம் 2 படிக்கும் பிள்ளைக்கு டெலிமா (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்), யூடியூப் பாடம், ஆசிரியர் அனுப்பும் வேர்ட் கோப்பு. அப்பாவுக்குத் தமிழில் கடிதமும் கோயில் கூட்டக் குறிப்பும். இவ்வளவுதான் தேவை. அப்பாவிடம் ஒருங்குறிக்கு முந்தைய பழைய எழுத்துருக் கோப்புகள் நிறைய உண்டு.

மின்ட்டா, லுபுண்டுவா, டெபியனா? 4 ஜிபி போதுமா? இன்னொன்று: பென்டிரைவ் செய்து வைத்திருக்கிறேன். எஃப்12 அழுத்தினால் ஒன்றும் வரவில்லை. பயோஸில் செக்யூர் பூட் (கையொப்பம் உள்ள நிரலை மட்டும் ஏற விடும் காவல்) வரி மங்கலாக இருக்கிறது, மாற்ற விடமாட்டேன் என்கிறது.

பழையபொட்டி

எந்த லினக்ஸ் என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அதில் சண்டை போட நிறைய பேர் வருவார்கள், பலன் கொஞ்சம்தான். உங்கள் பெட்டியைப் பிடித்து இழுப்பது முதலில் அந்த ஹார்ட் டிஸ்க். 5400 சுற்று என்றால் தட்டு ஒரு முறை சுற்ற 11 மில்லி விநாடி. முனை தடம் மாறும் நேரத்தையும் கூட்டினால் விநாடிக்கு எழுபது எண்பது இடங்களில்தான் அதனால் படிக்க முடியும். உலாவி திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளைத் தேடிப் படிக்க வேண்டும். சாட்டா எஸ்எஸ்டி அதே வேலையை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை செய்யும். டிஸ்க்கை மாற்றாமல் லினக்ஸ் போட்டால் கொஞ்சம் தேறும், அவ்வளவுதான்.

வாங்க வேண்டியது 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி, 240 அல்லது 256 ஜிபி. லோ யாட் கணினிக் கடைத்தொகுதியில் வெறுமனே "லேப்டாப் எஸ்எஸ்டி" என்று கேட்டால் எம்.2 பட்டையை எடுத்து நீட்டுவார்கள். "சாட்டா, ரெண்டரை இன்ச்" என்று சொல்லிக் கேளுங்கள். பழைய டிஸ்க் 9.5 மிமீ தடிமனாக இருந்தால் புதியது 7 மிமீதான் இருக்கும். டிஸ்க் உட்காரும் சட்டத்தில் நான்கு திருகாணியும் பிடித்துக்கொண்டால் அந்த 2.5 மிமீ இடைவெளி ஒன்றும் செய்யாது.

திறக்கும் முன் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். அடிமூடியின் திருகாணிகள் எல்லாம் ஒரே நீளம் கிடையாது. ஒரு தாளில் பெட்டியின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்த ஓட்டையிலிருந்து எடுத்தீர்களோ அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளமானதைக் குட்டை ஓட்டையில் திருகினால் மேலே கை வைக்கும் பலகையில் மரு மாதிரி புடைத்துக்கொண்டு வரும். அதைத் திருத்த வழியில்லை.

கழற்றிய டிஸ்க்கை யுஎஸ்பி உறை ஒன்றில் போட்டு வைத்துக்கொண்டால் கோப்பெல்லாம் பத்திரம். இரண்டு இயங்குதளம் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். காலி எஸ்எஸ்டியில் "டிஸ்க்கை அழித்து நிறுவு" என்று ஒரே சொடுக்கு, தலைவலி இல்லை.

இப்போது எஃப்12. ஏசரில் இது பழைய கூத்து. எஃப்2 அழுத்தி பயோஸுக்குள் போய் மெயின் பக்கத்தில் "எஃப்12 பூட் மெனு" என்ற வரியை எனேபிள்டு ஆக்குங்கள், வாங்கியபோதே அதை அணைத்துத்தான் அனுப்பியிருப்பார்கள். செக்யூர் பூட் மங்கலாக இருக்கக் காரணம், சூப்பர்வைசர் கடவுச்சொல் வைக்காதவரை ஏசர் அந்த வரியைத் திறக்காது. செக்யூரிட்டி பக்கத்தில் ஒரு கடவுச்சொல் வையுங்கள், உடனே பூட் பக்கத்தில் அந்த வரி உயிர் பெறும். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வையுங்கள், மறந்தால் பயோஸுக்குள்ளேயே போக முடியாது. வேலை முடிந்ததும் புதிய கடவுச்சொல் கேட்கும் இடத்தைக் காலியாக விட்டு என்டர் தட்டினால் நீங்கிவிடும்.

இனி உங்கள் முதல் கேள்வி. மின்ட் 22 வரிசை, எக்ஸ்எஃப்சிஈ என்ற இலகுவான முகப்புத்திரை உள்ள பதிப்பு. 2029 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தம் வரும், அதுவரை பிள்ளைக்கு இது போதும். லுபுண்டு நூறு, இருநூறு எம்பி குறைவாகத் தின்னும். ஆனால் உலாவியில் நாலு தாவல் திறந்தால் அதுவே ஒன்றரை ஜிபி தின்கிறது, அந்த மிச்சம் எங்கே போனதென்றே தெரியாது. டெபியன் நல்லது, முதல் தடவைக்கு வேண்டாம்.

நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, ஒலி, கேமரா, திரை வெளிச்ச விசை, மூடியை மூடித் திறந்தால் எழுகிறதா, இவ்வளவும் பாருங்கள். பென்டிரைவ் மெதுவாக இருப்பதைப் பார்த்து லினக்ஸே மெதுவு என்று முடிவு கட்டாதீர்கள்.

வடக்குவிசை

மேலே அண்ணன் சொன்னதோடு ராம் பற்றிச் சேர்க்கிறேன். பினாங்கில் கொம்தார் பக்கம் கடைகளில் டிடிஆர்3, டிடிஆர்3எல் ரெண்டையும் ஒரே டப்பாவில் கொட்டி வைத்திருப்பார்கள். கேஎல்லிலும் அதே கதைதான் லா. உங்க 4005யூ ஹாஸ்வெல் யூ வரிசை, 1.35 வோல்ட் மட்டும்தான் ஏற்கும். 1.5 வோல்ட் ராமைப் போட்டால் விளக்கு எரியும், திரை கறுப்பாகவே நிற்கும். பெட்டி செத்துப்போச்சுன்னு பயந்துடாதீங்க, ராமைக் கழற்றினால் சரியாகிடும். ஒட்டியிருக்கும் தாளில் "பிசி3எல்-12800" என்று எல் எழுத்தோடு இருக்கணும். டிடிஆர்4-ஐத் தவறி வாங்கினாலும் நுழையாது, 204 ஊசிக்குப் பதில் 260 இருக்கும், வெட்டும் வேற இடம்.

வாங்குமுன் இடம் இருக்கான்னு பாருங்க. லினக்ஸ் பென்டிரைவில் டெர்மினல் திறந்து, ஆங்கில எழுத்தில், சூடோ இன்க்சி -எம் (சிறிய எம்). எத்தனை குழி, எதில் எவ்வளவு என்று காட்டும். சில மாடலில் 4 ஜிபி பலகையோடயே பற்றவைத்திருக்கும், ஒரு குழிதான் மிச்சம். 8 ஆக்கிட்டா ரொம்ப நாளைக்குக் கவலையில்லை. ரெண்டு வரிசையும் நிரம்பினால் உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸுக்கும் கொஞ்சம் வேகம் கூடும், அதுக்குத் தனி நினைவகம் கிடையாதே.

4-லேயே ஓட்டுறதா இருந்தா இசட்ராம் போடுங்க. நினைவகத்தின் ஒரு பகுதியிலேயே பழைய பக்கங்களை அமுக்கி வைக்கும், டிஸ்க்குக்கு ஓடாது. சினாப்டிக்கில் (மின்ட்டில் மென்பொருள் தேடி நிறுவும் கருவி) "இசட்ராம்-டூல்ஸ்" நிறுவி, ஈடிசி அடைவுக்குள் டிஃபால்ட் அடைவில் "இசட்ராம்ஸ்வாப்" என்ற கோப்பைத் திறங்க. ஆல்கோ, பெர்சென்ட் ரெண்டு வரிக்கும் முன்னாடி # குறி இருக்கும், அதை எடுக்காம எண்ணை மட்டும் மாற்றிட்டு "வேலை செய்யல"ன்னு வர்றவங்கதான் அதிகம். ஆல்கோவுக்கு இசட்எஸ்டிடி, பெர்சென்ட் 50. மறுபடி ஆன் பண்ணினதும் 2 ஜிபி இசட்ராம் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. "ஸ்வாப்பினெஸ் 10 வை" என்று பல இடத்தில் எழுதியிருக்கும் (ராமில் இடம் போதாதப்போ பக்கங்களைத் தள்ளி வைக்கும் இடம் ஸ்வாப், எவ்வளவு தாராளமா தள்ளணும் என்பது இந்த எண்). அது ஹார்ட் டிஸ்க்கில் ஸ்வாப் வைத்த காலத்து யோசனை. இசட்ராம் போட்டுட்டு 10 வைத்தால் அது சும்மா உட்கார்ந்திருக்கும், நினைவகம் நிரம்பும்போது மொத்தமா திணறும். 100 வைங்க, இல்லே வழக்கமான 60-லேயே விட்டுடுங்க.

அப்புறம் யூடியூப். ஹாஸ்வெல் சில்லு எச்.264 வீடியோவை வன்பொருளில் பிரிக்கும், விபி9 தெரியாது. யூடியூப் பெரும்பாலும் விபி9, இல்லே ஏவி1-தான் அனுப்பும். ரெண்டு கோர் பாவம், விசிறி கத்தும், படம் தத்தும். ஃபயர்ஃபாக்ஸில் "என்ஹான்ஸ்டு எச்264ஃபை" என்ற நீட்சியைப் போட்டு விபி9, ஏவி1 ரெண்டையும் தடு. உங்க திரைக்கு 720-க்கு மேல் வைக்கத் தேவையே இல்லை. சினாப்டிக்கில் "ஐ965-விஏ-டிரைவர்" நிறுவியிருக்கான்னு பாருங்க. "இன்டெல்-மீடியா-விஏ-டிரைவர்" என்று இன்னொன்று இருக்கு, அது 5-ஆம் தலைமுறையிலிருந்துதான். உங்களது 4. புதுசா இருக்கேன்னு அதை மட்டும் வைத்தால் வன்பொருள் பிரிப்பு நடக்காது. நடக்குதான்னு பார்க்க "இன்டெல்-ஜிபியு-டூல்ஸ்" நிறுவி, இன்டெல் ஜிபியு டாப் ஓட்டுங்க. வீடியோ ஓடும்போது "வீடியோ" வரியில் சதவீதம் ஏறணும். பூஜ்யத்திலேயே நின்றால் எல்லாம் சிபியு தலையில்தான்.

செந்தூல்வாசி

எஸ்எஸ்டி மாட்டியாச்சு. கடவுச்சொல் வைத்ததும் செக்யூர் பூட் வரி திறந்தது, அணைத்துவிட்டேன். எஃப்12-ம் வேலை செய்தது. மின்ட் 22 எக்ஸ்எஃப்சிஈ நிறுவி முடித்து பென்டிரைவைப் பிடுங்கினேன். இப்போது இரண்டு சிக்கல்.

ஒன்று, "நோ பூட்டபிள் டிவைஸ்" என்று கறுப்புத் திரை. பென்டிரைவிலிருந்து போய்ப் பார்த்தால் எஸ்எஸ்டியில் எல்லாக் கோப்பும் இருக்கிறது.

இரண்டு, பென்டிரைவிலிருந்து ஓடும்போதும் வைஃபை பட்டியலே வரவில்லை. சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் "பிராட்காம் பிசிஎம்43142" என்று இருக்கிறது.

பழையபொட்டி

முதலாவது ஏசரின் இரண்டாவது கூத்து. மின்ட் உபுண்டு அடிப்படை என்பதால் தன் பூட் கோப்பை ஈஎஃப்ஐ பிரிவில் (டிஸ்க்கில் பூட் கோப்புகளுக்கென ஒதுக்கிய சின்னப் பகுதி) "உபுண்டு" என்ற அடைவில் வைக்கும். "மின்ட்" என்று தேடினால் கிடைக்காது. சில ஏசர் பயோஸ்கள் தாம் அறியாத பெயரைக் கண்டுகொள்ளாது, கையால் காட்டிக்கொடுக்க வேண்டும்.

எஃப்2. செக்யூர் பூட்டைத் திரும்ப எனேபிள்டு ஆக்குங்கள், பதற வேண்டாம், தற்காலிகம்தான். அது அணைந்திருந்தால் அடுத்த வரி மங்கலாகவே இருக்கும். செக்யூரிட்டி பக்கத்தில் "செலக்ட் அன் யூஈஎஃப்ஐ ஃபைல் ஆஸ் டிரஸ்டெட்" என்று தொடங்கும் வரியில் என்டர். எச்டிடி0, ஈஎஃப்ஐ, உபுண்டு, அதற்குள் "ஷிம்எக்ஸ்64" கோப்பு. பெயர் கேட்கும், ஆங்கிலத்தில் மின்ட் என்று போடுங்கள். எஃப்10 அழுத்திச் சேமித்து, மறுபடி எஃப்2. இப்போது பூட் வரிசையில் நீங்கள் வைத்த பெயர் அடியில் தெரியும், எஃப்6 விசையால் மேலே ஏற்றுங்கள் (வலப்பக்கக் குறிப்பில் வேறு விசை காட்டினால் அது). இது முடிந்தபின் செக்யூர் பூட்டை அணைத்துச் சேமியுங்கள்.

ஏன் திரும்ப அணைக்கச் சொல்கிறேன் என்றால், உங்கள் இரண்டாவது சிக்கல். பிசிஎம்43142-க்கு லினக்ஸ் கருவில் (கெர்னல்) திறந்த நிரல் கிடையாது. பிராட்காமின் மூடிய நிரலை உங்கள் கருவுக்கு ஏற்றபடி உங்கள் பெட்டியிலேயே தொகுத்துச் சேர்க்க வேண்டும். அப்படித் தொகுத்ததில் கையொப்பம் இருக்காது, செக்யூர் பூட் அதை ஏற்ற விடாது. நீலத் திரையில் சாவி பதியச் சொல்லிக் கேட்கும், அதை ஒரு தடவை தவறவிட்டால் நிறுவியது நிறுவியபடி இருக்க வைஃபை மட்டும் வராது.

வைஃபை இல்லாமல் வைஃபை நிரலை எப்படி இறக்குவது என்று கேட்பீர்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் மாட்டி, ஹாட்ஸ்பாட் அமைப்பில் "யுஎஸ்பி டெதரிங்" ஆன். கம்பி வெறும் சார்ஜ் கம்பியாக இருந்தால் அந்த வரி மங்கலாக இருக்கும், தரவு போகும் கம்பி வேண்டும். மின்ட் அதைக் கம்பி இணைப்பாக உடனே எடுத்துக்கொள்ளும். டிரைவர் மேனேஜரைத் திறந்து பிராட்காம் வரியைத் தேர்ந்து அப்ளை, ஒரு சில நிமிடம் தொகுக்கும், மறுபடி ஆன் செய்யுங்கள்.

கரு புதுப்பிப்பு வரும்போதெல்லாம் இது தானாகவே மறுபடி தொகுபடும். எப்போதாவது புது கருவோடு ஒத்துப்போகாமல் வைஃபை காணாமல் போகும். அப்போது ஆன் ஆகும் நேரம் எஸ்கேப் தட்டி "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" போய் முந்தைய கருவில் ஏறுங்கள். அதனால் பழைய கரு ஒன்றையாவது அழிக்காமல் வையுங்கள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் ஏத்தரோஸ் சில்லு உள்ள சின்ன யுஎஸ்பி வைஃபை குச்சி ஒன்று. என்னைக் கேட்டால் அதுதான் நிம்மதி.

யாழினி99

அப்பாவின் தமிழ்ப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன், செந்தூல்வாசி.

முதலில் தட்டச்சு. விசைப்பலகை அமைப்பில் "தமிழ்நெட் 99" என்று நேரடியாகவே ஒன்று இருக்கும். அதைப் போட்டு ஏமாறாதீர்கள். அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டும்தான் அறியும், முன்னால் என்ன தட்டினோம் என்று பார்க்காது. தமிழ்99-இன் அழகே தானாக விழும் புள்ளிதான். "அம்மா" என்பதற்கு ஏ, கே, கே, கியூ, நாலே தட்டு, ம் தானாகப் புள்ளி வாங்கிக்கொள்ளும். அந்த நேரடி அமைப்பில் இடையில் எஃப் தட்டிப் புள்ளி வைக்க வேண்டிவரும்.

சரியான வழி: மெனுவில் "இன்புட் மெதட்" திறந்து எஃப்சிடிக்ஸைத் தேர்ந்து, சினாப்டிக்கில் "எஃப்சிடிக்ஸ்5-எம்17என்" நிறுவி, ஒரு முறை வெளியேறி உள்ளே வாருங்கள். பிறகு எஃப்சிடிக்ஸ் அமைப்பில் "தற்போதைய மொழி மட்டும்" என்ற குறியை எடுத்தால்தான் தமிழ் பட்டியலில் தெரியும். தமிழ்99, ஒலியியல், தட்டச்சுப்பொறி மூன்றும் அதில் உண்டு. அப்பா முரசு அஞ்சல் மென்பொருளின் ஒலிமுறையில் பழகியவர் என்றால் ஒலியியல் நெருங்கி வரும், ஆனால் ந, ண, ன போன்ற சில எழுத்துகளில் விசை மாறலாம். அரை மணி உட்கார்ந்து வேறுபடும் எழுத்துகளை மட்டும் ஒரு துண்டுத்தாளில் எழுதித் திரையோரம் ஒட்டிக் கொடுங்கள்.

லிப்ரே ஆஃபிஸில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று. எழுத்துருவை மாற்றினாலும் தமிழ் மாறாது. தமிழுக்கு அதில் தனி எழுத்துரு அறை. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லேங்குவேஜஸ் போய் "காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்" குறியிட்டு மொழி தமிழ் என்று வையுங்கள். அதன்பின் ஃபார்மாட், கேரக்டர் பெட்டியில் இரண்டு பகுதி தெரியும். தமிழுக்கான பகுதியில் நோட்டோ சான்ஸ் தமிழ், அளவு 12. இதை டிஃபால்ட் பாணியிலேயே வைத்துவிட்டால் ஒவ்வொரு கடிதத்துக்கும் செய்ய வேண்டியதில்லை.

பழைய கோப்புகள் திறந்தால் தாறுமாறான ஆங்கில எழுத்தாகத் தெரியும். கோப்பு கெடவில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். பழைய டிஸ்க்கில் விண்டோஸ் அடைவுக்குள் ஃபான்ட்ஸ் போய் அந்த எழுத்துருக் கோப்புகளை எடுத்து, உங்கள் முகப்பு அடைவில் புள்ளியில் தொடங்கும் "ஃபான்ட்ஸ்" என்ற அடைவு செய்து அதில் போடுங்கள். புள்ளியில் தொடங்குவது மறைந்திருக்கும், கன்ட்ரோல்+எச் அழுத்தினால் தெரியும். லிப்ரே ஆஃபிஸை மூடித் திறந்தால் படிக்கலாம், அச்சிடலாம்.

ஒருங்குறிக்கு மாற்ற வேண்டுமென்றால் முதலில் எந்தக் குறியாக்கம் என்று அறியுங்கள். டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கமாக இருந்தால் அதிர்ஷ்டம், லினக்ஸோடு வரும் ஐகான்வ் கருவிக்கே டிஸ்கி தெரியும். கோப்பை வெறும் உரையாக, விண்டோஸ்-1252 குறியாக்கத்தில் சேமித்து அதற்குக் கொடுங்கள். ஓரிரு எழுத்து விடுபடலாம், ஒரு பக்கத்தை மாற்றி வாசித்துப் பார்த்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள். மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள்.

பிள்ளையின் வேர்ட் கோப்பில் பக்கம் குலைந்தால் பெரும்பாலும் காரணம் காலிப்ரி எழுத்துரு இல்லாததுதான். "ஃபான்ட்ஸ்-கிராஸ்எக்ஸ்ட்ரா-கார்லிட்டோ" நிறுவுங்கள், அதே அகலத்தில் செய்தது, வரி உடையும் இடம் மாறாது. டெலிமாவுக்கு ஒன்றும் நிறுவ வேண்டாம், உலாவி போதும்.

பாயான்லெப்பாஸ்

இடையில் நுழைகிறேன். ஆட்டம் என்270, 1 ஜிபி நெட்புக் ஒன்று கிடக்கிறது. இதுக்கும் மின்ட் வருமா?

வடக்குவிசை

வராது தம்பி. என்270 வெறும் 32 பிட். மின்ட் 20-இலேயே 32 பிட்டை விட்டுட்டாங்க, 2025-இல் வந்த டெபியன் 13-க்கும் 32 பிட் நிறுவி இல்லை. ஆன்டிஎக்ஸ் 32 பிட் ஏறும், தட்டச்சு செய்ய, பாட்டுக் கேட்க ஆகும். இன்றைய இணையப் பக்கம் 1 ஜிபியில் திறக்காது, அதில் நேரத்தைப் போடாதே. தூக்கி எறியுமுன் சில்லு பெயரை இன்னொரு தடவை பார். என்450 என்று இருந்தால் அது 64 பிட்.

செந்தூல்வாசி

ஷிம் கோப்பைக் காட்டியதும் எழுந்துவிட்டது. டெதரிங் வழியாக வைஃபையும் வந்தது. ஆன் ஆகி ஃபயர்ஃபாக்ஸ் திறக்க நாற்பது விநாடிக்குள். எல்லாருக்கும் நன்றி.

ஒரு சின்னது மட்டும் பாக்கி. இரண்டு நாள் அணைத்து வைத்துத் திறந்தால் கடிகாரம் பின்னால் இருக்கிறது. உடனே அப்டேட் போட்டால் "ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் யெட்" என்கிறது. கொஞ்ச நேரம் கழித்து அதுவே சரியாகிறது.

பழையபொட்டி

பலகையில் இருக்கும் நாணய பேட்டரி தீர்ந்துவிட்டது. அணைந்திருக்கும்போது கடிகாரம் ஓடவில்லை. மின்ட் கடைசியாக அணைந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது, வைஃபை கிடைத்ததும் இணையத்தில் கேட்டுத் திருத்திக்கொள்கிறது. அந்த இடைவெளியில் அப்டேட் போட்டால், அதற்கு வரும் பட்டியல் "நாளைக்கு" எழுதியதாகத் தெரியும், அதனால் மறுக்கிறது.

பல மாடல்களில் சிஆர்2032. சிலதில் வெறும் குழியில் இருக்கும், சிலதில் இரண்டு கம்பி பற்றவைத்துக் கறுப்பு உறைக்குள் இருக்கும். மூடியைத் திறந்து எந்த வகை என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். மாற்றியபின் பயோஸில் தேதியையும் எஃப்12 வரியையும் ஒரு தடவை சரிபாருங்கள்.

திறக்கும்போதே விசிறித் தூசியையும் ஊதிவிடுங்கள். ஊதும்போது இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், தறிகெட்டுச் சுற்றினால் அச்சு தேயும்.